கன்னியாவின் சூடு: ஓர் அணுக்கரு தேயும்போது என்ன நடக்கிறது

திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். கட்டைச் சுவர் வைத்த சின்னச் சதுரக் கிணறுகள். குனிந்து வாளியை விட்டால் தண்ணீர் எட்டும். முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது உடம்பு ஒருகணம் திடுக்கிடும், அப்புறம் பழகிவிடும். சூடு கிணற்றுக்குக் கிணறு கொஞ்சம் மாறும். 40 பாகை செல்சியசுக்கு அண்மை என்று சொல்லலாம்.

போன முறை போயிருந்தபோது ஒரு சின்னப் பெடியன், தலையிலிருந்து தண்ணீர் வடிய வடிய, "அம்மம்மா, இதை ஆர் சூடாக்கிறது?" என்று கேட்டான். "இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க ஏழு இடத்தில குத்தினவன், ராசா. அதில வந்த தண்ணி" என்றார் அம்மம்மா. அந்தியேட்டிக்கு அங்கே வரும் சனம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் கதை அது. ஆனால் பெடியன் கேட்டது தண்ணீர் எப்படி வந்தது என்றல்ல. இப்போது, இந்த நிமிடம், இதை யார் சூடாக்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் கேட்டான். திருகோணமலையில் இதைவிட நல்ல பௌதிகக் கேள்வி எனக்குக் கிடைத்ததில்லை.

இலங்கையில் எரிமலை கிடையாது. கன்னியாவில் நடப்பது இதுதான்: மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, அங்கே சூடாகிறது, வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. தரைக்குக் கீழே போகப்போக, கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பாகை வரை சூடு ஏறும். சரி, அந்த ஆழத்துப் பாறைக்குச் சூடு எங்கிருந்து? பூமி முழுவதும் தன் மேற்பரப்பு வழியே வெளிவிடும் வெப்பம் ஏறத்தாழ 47 இலட்சம் கோடி வாற்று. அதில் ஒரு பகுதி, பூமி உருவானபோது உள்ளே மாட்டிக்கொண்ட பழைய சூடு. மீதி, ஏறத்தாழ அரைவாசி, இன்றும் புதிதாக உண்டாகும் சூடு. பாறைக்குள் கிடக்கும் யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகிய மூலகங்களின் கருக்கள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருப்பதால் வருவது. பெடியனின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கே இருக்கிறது.

இந்த மாற்றத்தை எங்கள் பாடப்புத்தகம் கதிர்த்தொழிற்பாட்டுத் தேய்வு என்கிறது. தமிழ்நாட்டில் கதிரியக்கச் சிதைவு என்பார்கள். (எங்கள் இலத்திரன் அவர்களுடைய எலக்ட்ரான், எங்கள் புரோத்தன், நியூத்திரன் அவர்களுடைய புரோட்டான், நியூட்ரான், எங்கள் சமதானி அவர்களுடைய ஐசோடோப்பு. நான் இங்கே பழகிய சொற்களையே எழுதுகிறேன்.) தேய்வு என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. சவர்க்காரம் தேயும், செருப்பு தேயும், நிலவு தேயும். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது. கரு அப்படித் தேய்வதே இல்லை. சூரியன் பிறப்பதற்கு முன்பே உருவான ஒரு தோரியம் கரு, 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் இருந்த பிறகும், முதல் நாள் இருந்தபடியே இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது, களைப்பு கிடையாது. பிறகு ஒரு கணத்தில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், அது வேறொன்றாகிவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சொல்லால்தான்.

கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய தோரியமும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது. நகரிலிருந்து வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் போனால் புல்மோட்டை. அந்தக் கரையின் கறுத்த கனிய மணலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அங்கே நடந்துவிட்டு வந்து, செருப்பில் ஒட்டியிருந்த மணலை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, கைவில்லையால் பார்த்தேன். முக்கால்வாசி கறுப்பு, அது இல்மனைற்று. இடையிடையே செங்கபில நிறத்தில் உரூற்றைல், கண்ணாடித் துண்டுபோல் சேர்க்கோன். தேடித் தேடிப் பார்த்தால் எப்போதாவது ஒன்று, தேன் நிறத்தில், உருண்டையாக, மினுங்காமல். அதுதான் மொனசைற்று. தோரியம் இருப்பது அதற்குள்ளே. கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சி மணலிலும் இதே மணி உண்டு.

இந்தக் கட்டுரைக்கு அந்த ஒரு மணி போதும். குறுக்களவு 0.2 மில்லிமீற்றர், நிறையில் நூற்றுக்கு 8 பங்கு தோரியம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், மணிக்குள் இருக்கும் தோரியம் அணுக்கள் ஏறத்தாழ 4,400 இலட்சம் கோடி. அவ்வளவு அணுக்களிலும், சராசரியாக இரண்டரை நிமிடத்துக்கு ஒன்றுதான் மாறுகிறது. மற்றவை எல்லாம் சும்மா இருக்கின்றன. ஏன் அது ஒன்று, ஏன் மற்றவை இல்லை? அதற்கு கருவுக்குள்தான் போக வேண்டும்.

கரு எவ்வளவு சின்னது என்று முதலில் மனதில் பதிய வேண்டும். தோரியம் கருவை ஒரு மிளகு என்று வைத்தால், அந்த அணு முழுவதும் 100 மீற்றருக்கு மேல் அகலமான ஒரு கோளம். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் உச்சியிலிருந்து கடல்வரை உள்ள உயரம் அளவுக்கு. இடையில் இருப்பது இலத்திரன்களும் வெறுமையும். நாங்கள் நெருப்பு என்றும் சமையல் என்றும் துரு என்றும் சொல்லும் இரசாயனம் எல்லாம் அந்த வெளிப்புற இலத்திரன்களோடு முடிந்துவிடுகிறது. மிளகை எதுவும் தொடுவதில்லை. அதனால்தான் மொனசைற்றை அடுப்பில் போட்டாலும், அமிலத்தில் கரைத்தாலும், ஐஸ்பெட்டியில் வைத்தாலும் அதன் தேய்வு வேகம் மாறாது. (தன் இலத்திரனையே விழுங்கித் தேயும் சில கருக்களில் மட்டும், சுற்றுப்புறம் மிக மிகச் சிறிதாக வேகத்தை மாற்றும். தோரியம் அந்தக் கூட்டத்தில் இல்லை.)

மிளகுக்குள் 90 புரோத்தன்கள், 142 நியூத்திரன்கள். புரோத்தன்கள் எல்லாம் நேரேற்றம் உள்ளவை. ஒவ்வொன்றும் மற்ற 89ஐயும் தள்ளுகிறது. இவற்றைச் சேர்த்து வைத்திருப்பது வலிய கருவிசை. அது மின் தள்ளுகையைவிடப் பல மடங்கு பலமானது, ஆனால் தொட்டுக்கொண்டிருக்கும் அயலவரோடு முடிந்துவிடும். திருவிழாச் சனத்துக்குள் நீங்கள் கைகோத்து நிற்கக்கூடியது பக்கத்தில் நிற்பவரோடுதான். ஒலிபெருக்கிச் சத்தமோ வீதி முழுவதுக்கும் கேட்கும். கருவில் ஒட்டும் விசை கைகோப்பு மாதிரி, தள்ளும் விசை ஒலிபெருக்கி மாதிரி. சனம் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கை கோக்க அதே சில பேர்தான். சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சின்னக் கருக்களில் கைகோப்பு சுலபமாக வெல்கிறது. தோரியம் அளவுக்குப் பெருத்த கருவில் அது இழுபறி.

இந்த இழுபறிக்குள் ஒரு சிறப்பான கூட்டம் அமையும்: இரண்டு புரோத்தன், இரண்டு நியூத்திரன். இந்த நாலும் சேர்ந்தால் பிணைப்பு மிக இறுக்கம். இப்படி ஒன்று பிரிந்து போய்விட்டால், மிஞ்சும் கருவும் போன கூட்டமும் சேர்ந்து முன்பிருந்ததைவிடக் குறைந்த சக்தியில் இருக்கும். அதாவது வெளியே போவது இலாபம். அப்படியானால் எல்லாத் தோரியமும் எப்போதோ போயிருக்க வேண்டுமே? போகாததற்குக் காரணம் நடுவில் ஒரு மதில். கருவிசை பிடித்திருக்கும் எல்லையைத் தாண்டினால்தான் மின் தள்ளுகை அதை வெளியே எறியும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டிய சக்தி, கூட்டத்திடம் உள்ளதைவிடப் பல மடங்கு.

பிரெட்றிக் கோட்டைக்குள் மான்கள் உலாவுவதைப் பார்த்திருப்பீர்கள். தாவிக் கடக்க முடியாத உயரத்தில் ஒரு மதிலும், அதற்குள் ஒரு மானும் என்று நினையுங்கள். நாங்கள் காணும் உலகத்தில் அந்த மான் என்றைக்கும் உள்ளேதான். கரு அளவிலான உலகத்தில் அப்படியில்லை. அங்கே துணிக்கை ஓர் அலையாகவும் இருக்கிறது. அலையின் மெல்லிய வால் மதிலுக்குள்ளும் ஊடுருவி அப்பாலும் நீள்கிறது. ஆகவே மான் மதிலுக்கு வெளியே காணப்பட ஒரு வாய்ப்பு உண்டு. மதில் உடையவில்லை, ஓட்டை விழவில்லை, மான் தாவவும் இல்லை. ஆனால் வெளியே நிற்கிறது. 1928இல் ஜோர்ஜ் காமோவும், அவரைச் சாராமல் ரொனால்ட் கேர்னியும் எட்வர்ட் கொண்டனும் இந்த விளக்கத்தைத் தந்தார்கள். எத்தனையோ முறை படிப்பித்தும், இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கும்.

அந்த வாய்ப்பு எவ்வளவு அற்பம் என்று பாருங்கள். தோரியம் கருவுக்குள் அந்த நாலு பேர் கூட்டம் செக்கனுக்கு ஏறத்தாழ 1 போட்டு 21 பூச்சியம் தடவை மதிலில் மோதுகிறது. அப்படி மோதியும், பாதித் தோரியம் வெளியேற 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். தோரியம் ஒன்றன்பின் ஒன்றாக மாறிக்கொண்டு போகும் தொடரில் பிறகு வரும் பொலோனியம் 212 என்ற கருவை எடுங்கள் (212 என்பது அதன் புரோத்தன்களும் நியூத்திரன்களும் சேர்ந்த எண்ணிக்கை). அதிலிருந்து வெளியேறும் நாலு பேர் கூட்டத்துக்குச் சக்தி ஏறத்தாழ இரண்டு மடங்கு, அவ்வளவுதான் வித்தியாசம். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி மாறிவிட எடுக்கும் காலம், ஒரு செக்கனின் கோடியில் 3 பங்கு. இரண்டு காலங்களுக்கும் இடையிலுள்ள விகிதம் 1 போட்டு 24 பூச்சியம் அளவில். சக்தி இரு மடங்கானால், கூட்டம் கடக்க வேண்டிய மதிலின் தடிப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகிவிடுகிறது; மதில் மெலிய மெலிய வாய்ப்பு ஏறும் விதம் இப்படிப் பயங்கரமானது. கருவைப் பற்றி ஒரேயோர் எண்ணை நினைவில் வைக்கலாம் என்றால் நான் அந்த 24ஐத்தான் வைப்பேன்.

வெளியே வந்த கூட்டம்தான் அல்பாத் துணிக்கை. தோரியத்திலிருந்து அது செக்கனுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது. வள்ளத்திலிருந்து இறங்குதுறைக்குத் தாவியவருக்குத் தெரியும், தாவும்போது வள்ளம் பின்னால் போகும். கருவும் அப்படியே பின்னுக்கு உதைபடுகிறது. 90 புரோத்தனில் இரண்டு போனதால் மிஞ்சியது 88; அது இனித் தோரியம் அல்ல, றேடியம். பாய்ந்த அல்பாவோ மணிக்குள் ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்றிரண்டு பங்கு தூரம்தான் போகும். வழியில் எத்தனையோ அணுக்களை இடித்து, அவற்றை அதிரவைத்து, நின்றுவிடும். அந்த அதிர்வுதான் வெப்பம். பெடியனின் வாளியில் இருந்த சூட்டில் ஒரு பங்கு இப்படி, பாறைக்குள் எங்கேயோ ஓர் அல்பா நின்றுபோனபோது பிறந்தது. நின்ற அல்பா பக்கத்திலிருந்து இரண்டு இலத்திரனைப் பிடித்துக்கொண்டு ஈலியம் அணுவாகிவிடும். பலூனுக்கு அடைக்கும் ஈலியம் வாயு எல்லாம் பூமிக்குள் இப்படிச் சேர்ந்ததுதான்.

அடுத்தது பீற்றா. தோரியம் 232 அல்பா விட்டதும் வருவது றேடியம் 228. இதற்குப் பிரச்சினை பருமன் இல்லை. நியூத்திரன் கணக்குக் கூடிவிட்டது. ஆகவே ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறுகிறது. மாறும் கணத்தில் ஓர் இலத்திரனும் இன்னொரு துணிக்கையும் பிறந்து வெளியே ஓடுகின்றன. இலத்திரன் கருவுக்குள் ஒளிந்திருந்து வெளியே வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது பிழை. விளக்கைப் போடுமுன் வெளிச்சம் குமிழுக்குள் ஒளிந்திருக்கவில்லை, அதுபோலத்தான். புரோத்தன் ஒன்று கூடியதால் மூலகம் ஒருபடி மேலே போகிறது: 88இலிருந்து 89, அத்தினியம். மொத்தத் துணிக்கைகள் 228 அப்படியே இருக்கும்.

அந்த இன்னொரு துணிக்கையின் கதை சுவையானது. பீற்றா இலத்திரன்கள் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சக்தியோடு வந்தன, கணக்கு உதைத்தது. சக்தி காணாமல் போகிறதா என்றுகூடப் பெரிய ஆட்கள் யோசித்தார்கள். 1930இல் வூல்ப்காங் பௌலி, யாரும் காணாத ஒரு துணிக்கை மீதிச் சக்தியை எடுத்துக்கொண்டு போகிறது என்றார். அதற்கு நியூத்திரினோ என்று பெயர் வந்தது. அதைக் கண்டுபிடிக்க 1956 வரை போனது. கிளைட் கோவனும் பிரெட்றிக் ரைன்சும் ஓர் அணு உலைக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். பீற்றாத் தேய்வில் வருவது அதன் எதிர்த்துணிக்கை. அது எதிலும் முட்டாமல் பூமியையே ஊடறுத்துப் போகக்கூடியது. அதனால் ஒரு பெரிய வசதி: பூமிக்குள் நடக்கும் தேய்வை அதைக்கொண்டு எண்ணலாம். யப்பானில் நிலத்தடியில் இருக்கும் காம்லாண்ட் என்ற உணரி, 2005இல் முதன்முதலாகப் பூமியிலிருந்து வரும் இந்தத் துணிக்கைகளைக் கண்டது. 2011இல் வந்த அதன் கணக்குப்படி, யுரேனியமும் தோரியமும் சேர்ந்து தரும் வெப்பம் ஏறத்தாழ 20 இலட்சம் கோடி வாற்று. கன்னியாவில் நீங்கள் குளித்துக்கொண்டிருக்கும்போது, உங்கள் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் வழியாகவும் செக்கனுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தத் துணிக்கைகள் கீழிருந்து மேலே போகின்றன. அடியில் சூடு போடுபவரின் கையெழுத்து என்று சொன்னால் அது இதுதான்.

காமாவுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. அல்பாவோ பீற்றாவோ போன பிறகு கரு சில நேரம் கொதித்த நிலையில் மிஞ்சும். மேலதிகச் சக்தியை ஒளியாக, மிகக் கடுமையான ஒளியாக, விட்டுவிட்டு அடங்கும். புரோத்தன் கணக்கும் மாறாது, நியூத்திரன் கணக்கும் மாறாது. இதே தொடரின் தாலியம் 208 விடும் காமா மிகப் பலமானது. விமானத்தில் பறந்துகொண்டே தரையில் தோரியம் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். மணலில் நடக்கலாமா என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அல்பாவைத் தோலின் மேற்படை நிறுத்திவிடும்; கரையில் நடப்பது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை. கவனம் வேண்டியது, மொனசைற்றைப் பிரித்துக் குவிக்கும் இடத்திலும், அதன் தூசியை மூச்சோடு இழுக்கும்போதும்தான். உள்ளே போன அல்பாவைத் தடுக்கத் தோல் இல்லை.

மணிக்குள் தோரியம் ஒருமுறை மாறுவதோடு கதை முடிவதில்லை. றேடியம் 228இன் அரைவாழ்வு 5.75 ஆண்டு. அத்தினியத்துக்கு 6 மணித்தியாலம். அதிலிருந்து மறுபடி தோரியம், இம்முறை 228 சமதானி (அதே மூலகம், நியூத்திரன் கணக்கு மட்டும் வேறு), அதற்கு 1.9 ஆண்டு. பிறகு றேடியம் 224, மூன்றரை நாளுக்குச் சற்று மேல். அடுத்து 56 செக்கன் அரைவாழ்வுள்ள தோரன் என்ற வாயு. மொன்றியலில் பௌதிகவியலாளர் ரதபோர்ட் 1900 அளவில் இந்த வாயுவின் கதிர்த்தொழிற்பாடு நிமிடத்துக்கு நிமிடம் பாதியாவதைக் கண்டுதான், அரைவாழ்வு என்ற எண்ணமே உலகத்துக்கு வந்தது. பின்னர் இரசாயனர் சொடியோடு சேர்ந்து, ஒரு மூலகம் இன்னொன்றாகவே மாறுகிறது என்று காட்டினார்.

தோரியம் 228க்கு எங்கள் நாட்டோடு ஒரு சொந்தம் உண்டு. 1904இல், இலங்கைக் கனிப்பொருள் அளவையை நடத்திய ஆனந்த குமாரசுவாமி, சபரகமுவப் பக்கத்திலிருந்து ஒரு கறுத்த பாரமான கனிப்பொருளைக் கண்டெடுத்தார். கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். அது தோரியனைற்று என்று பெயர் பெற்றது. இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்குப் போன அந்த இலங்கைக் கனிப்பொருளிலிருந்துதான் 1905இல் ஓட்டோ ஹான் என்ற இளம் இரசாயனர் தோரியம் 228ஐக் கண்டுபிடித்தார். பிற்காலத்தில் யுரேனியம் பிளப்புக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். எங்கள் பிள்ளைகளுக்கு இது சொல்லப்படுவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை.

தோரனுக்குப் பிறகு பொலோனியம், ஈயம் 212, பிசுமது, மறுபடி பொலோனியம் அல்லது தாலியம் என்று விறுவிறுவென்று போய், கடைசியில் ஈயம் 208இல் நிற்கிறது. மொத்தம் 6 அல்பா, 4 பீற்றா. 232இலிருந்து ஆறு நான்கு, 24 போனால் 208. புரோத்தன் கணக்கில் 12 போய் 4 திரும்ப வந்தால் 82. சரியாக ஈயம். தொடக்கத்திலிருந்த தோரியத்தையும் கடைசியில் மிஞ்சும் எல்லாவற்றையும் நிறுத்தால், பத்தாயிரத்தில் 2 பங்கு திணிவு குறையும். அதுதான் வெப்பமாகவும் கதிராகவும் போனது.

ஏன் ஈயத்தில் நிற்கிறது? இலத்திரன்களுக்கு ஓடு நிரம்புவதுபோல், கருவுக்குள்ளும் ஓடுகள் உண்டு. 82 புரோத்தன், 126 நியூத்திரன் என்பது இரண்டு பக்கமும் ஓடு நிரம்பிய நிலை. 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் இதை விளக்கினார்கள். பொலோனியம் 212 ஏன் அவ்வளவு அவசரப்படுகிறது என்பதற்கும் இதுவே காரணம்: அதற்கு அடுத்த படி ஈயம் 208. இறங்கும் பள்ளம் அவ்வளவு ஆழம்.

இனி அந்தக் கேள்வி: 4,400 இலட்சம் கோடியில் ஏன் அது ஒன்று? காரணம் இல்லை என்பதே பதில். தாயக்கட்டையை நூறு முறை உருட்டியும் தாயம் விழவில்லை என்பதற்காக, நூற்றியோராவது முறை விழும் வாய்ப்புக் கூடுவதில்லை. கட்டைக்கு ஞாபகம் கிடையாது. கருவுக்கும் கிடையாது. 55 கோடி ஆண்டு காத்திருந்த கருவுக்கும் நேற்று உருவான கருவுக்கும் நாளைக்கு மாறும் வாய்ப்பு ஒன்றே. ஒரு கருவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால், அதைப்போல் துல்லியமான மணிக்கூடு வேறில்லை.

55 கோடி என்று சும்மா எழுதவில்லை. இலங்கையின் நடுப்பகுதிப் பாறைகள் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய காலம் அது. அப்பாறைகள் உடைந்து, ஆறுகளோடு வந்து, கடல் அரித்து அரித்துப் புல்மோட்டைக் கரையில் ஒதுக்கியதே இந்த மணல். 55 கோடி ஆண்டு, தோரியத்தின் அரைவாழ்வில் சின்னப் பகுதி. கணக்குப் போட்டால், அப்போது மணிக்குள் இருந்த ஒவ்வொரு 100 தோரியம் கருவிலும் இன்னும் 97 அப்படியே இருக்கின்றன. மற்ற மூன்றும் ஈயமாகி, பிறந்த இடத்திலேயே பூட்டுப்பட்டுக் கிடக்கின்றன. புவிச்சரிதவியலாளர் அந்த ஈயத்தை எண்ணித்தான் மணியின் வயதை வாசிக்கிறார்கள். என் வெள்ளைத் தாளில் கிடந்த தேன்நிற மணியை ஒரு சின்னப் போத்தலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன். தொடர் முழுவதையும் சேர்த்தால், அதற்குள் கால் நிமிடத்துக்கு ஒன்று என்று ஏதோ ஒரு கரு மாறிக்கொண்டிருக்கிறது.